தகட்டிலிருந்து ஒற்றைப் பூ ஜாடி: ஜப்பானியச் சுத்தி வேலை, வரைபடம் முதல் பூ வைப்பது வரை

ஜப்பானிய உலோகக் கலையில் மூன்று பெரிய கிளைகள் உண்டு. உருக்கி வார்ப்பது சூகின், உளியால் செதுக்குவது சோகின், தகட்டைத் தட்டி உருவம் எழுப்புவது தங்கின். இந்த வழிகாட்டி மூன்றாவதைப் பற்றியது. நீகட்டா மாகாணத்து ட்சுபமே நகரில் ஒரே செம்புத் தகட்டைத் தட்டியே கெட்டிலும் ஜாடியும் செய்கிறார்கள். அந்த முறையைத்தான் இங்கே பின்பற்றுகிறோம்.

செய்யப்போவது ஒரு இச்சிரின்சாஷி, அதாவது ஒற்றைப் பூவுக்கான சிறு ஜாடி. உயரம் 8.5 செ.மீ., வயிற்றின் அகலம் 6.5 செ.மீ., அடி 5 செ.மீ., வாய் 3.5 செ.மீ. எங்கும் ஒட்டு கிடையாது, மேலே வேலைப்பாடும் கிடையாது. எளிய உருவம் என்பதால் எளிய வேலை என்று நினைத்து இறங்குபவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். பூவேலை செய்த பாத்திரத்தில் ஒரு கோணல் கண்ணுக்குப் படாமல் போகலாம். வெறும் வளைவு மட்டுமே உள்ள ஜாடியில் ஒரு மி.மீ. கோணலும் தெரியும். ஆகவே எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதை இங்கே மிகவும் கவனிக்க வேண்டும்.

புதியவருக்கு இது 3, 4 வார இறுதிகள் எடுக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் தகடு கிழியும்.

1. சுத்தியைத் தொடுமுன் உருவத்தை வரையுங்கள்

கட்டத்தாளில் ஜாடியின் பக்கத் தோற்றத்தை உண்மை அளவில் வரையுங்கள். அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் வயிறு மிக அகலமாக இருக்கட்டும். அங்கிருந்து வாய்வரை மெல்ல உள்ளே வளையட்டும். வயிறு நடுவுக்குக் கீழே போனால் ஜாடி உட்கார்ந்தது போலத் தெரியும், நடுவுக்குச் சற்று மேலே இருந்தால் நிமிர்ந்து நிற்கும். இது ரசனை சார்ந்தது. ஆனால் ஒற்றைத் தண்டு மேலே எழும்போது நிமிர்ந்த உருவமே அதற்குத் துணை நிற்கும் என்பது எங்கள் எண்ணம்.

வரைந்த கோட்டின் வெளிப்பக்கத்தைக் கெட்டி அட்டையில் வெட்டி எடுங்கள். ஜாடியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அச்சு அட்டை அதுதான். இது இல்லாமல் வேலை செய்தால் கை தனக்கு எளிதான வளைவுக்கே போகும். கடைசியில் கிடைப்பது ஒரு கிண்ணம்.

நல்ல வளைவு எது என்று கண் பழக வேண்டும். வாய்ப்பு இருந்தால் கனசாவாவில் 2020-இல் திறக்கப்பட்ட தேசியக் கைவினை அருங்காட்சியகத்தையோ, ட்சுபமேயில் உள்ள தொழில் வரலாற்று அருங்காட்சியகத்தையோ பாருங்கள். ட்சுபமேக்காரரான தமகவா நொரியோ 2010-இல் தங்கின் துறைக்காக வாழும் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவர். அவருடைய ஜாடிகளின் படங்களில் உலோகத்தின் மரவரி போன்ற நிறங்களை விட்டுவிட்டு வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் நகலெடுத்துப் பாருங்கள். அந்தக் கோடு எங்கும் தட்டையாவதில்லை, எங்கும் உடைவதும் இல்லை.

2. தகடு: எந்தச் செம்பு, எவ்வளவு

வட்டத்தின் விட்டத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. உயரத்தையும் மிக அகலமான இடத்தையும் கூட்டுங்கள், அதோடு வெட்டிச் சீர்செய்ய 1 செ.மீ. சேருங்கள். நம் ஜாடிக்கு 8.5 + 6.5 + 1 = 16 செ.மீ. தடிமன் 1 மி.மீ. இந்த வட்டம் சுமார் 180 கிராம் எடை இருக்கும்.

0.6 மி.மீ. தகடு சீக்கிரம் வளைகிறதே என்று சிலர் அதை வாங்குகிறார்கள். மெல்லிய தகடு சுருக்கம் விழுந்து மடியும். அடி பெறப்பெற இன்னும் மெலிந்து ஓட்டையாகும். 1.5 மி.மீ. தகட்டை அசைக்கப் புதிய கைக்கு வலு போதாது.

பித்தளை வேண்டாம், செம்பே வேண்டும். ஜப்பானிய தர அட்டவணையில் சி1100, சி1220 என்ற இரண்டு வகைச் செம்புத் தகடுகள் எளிதில் கிடைக்கும். சி1100-இல் சிறிதளவு ஆக்சிஜன் கலந்திருக்கிறது. எரிவாயு கூடி மஞ்சளாக எரியும் சுவாலையில் இதை நெடுநேரம் சுட்டால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து அந்த ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகும். உலோகம் உள்ளுக்குள்ளே வெடித்து நொறுங்கும் தன்மை பெறும். பாஸ்பரஸ் சேர்த்து ஆக்சிஜன் நீக்கிய சி1220-இல் இந்தத் தொல்லை இல்லை. முதல் ஜாடிக்கு அதையே வாங்குங்கள்.

வட்டத்தைக் கத்தரியால் வெட்டியதும் விளிம்பை அரத்தால் வழித்து, உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். விளிம்பில் கத்தரி விட்ட சிறு பல் இருந்தால் பின்னால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

3. கருவிகளும் உட்காரும் இடமும்

நீளமான பட்டியல் தேவையில்லை. ஒரு முனை உருண்டையாகவும் மறுமுனை ஆப்பு போலவும் உள்ள கொட்டாப்புளி ஒன்று, தகட்டை ஒடுக்க 350 முதல் 400 கிராம் சுத்தி ஒன்று, கடைசியில் சமன் செய்ய 200 கிராம் சுத்தி ஒன்று. சமன் செய்யும் சுத்தியின் முகம் கண்ணாடிபோல் மெருகேறியிருக்க வேண்டும். அதில் இருக்கும் ஒவ்வொரு கீறலும் ஜாடியில் ஆயிரம் முறை பதியும்.

தகட்டுக்குள்ளே நின்று அடியைத் தாங்கும் இரும்புக்கு அதெகானே என்று பெயர். மூன்று வடிவம் போதும். அகன்ற காளான் தலை ஒன்று, 5 செ.மீ. அளவுக்குத் தட்டைத் தலை ஒன்று, கொக்கின் அலகு போல நீண்டு வளைந்த கை ஒன்று. இந்த மூன்றாவதை ட்சுபமேயில் தொரிகுச்சி, அதாவது பறவை வாய், என்கிறார்கள். அதன் தலை 2.8 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. போனால் 3.5 செ.மீ. வாய்க்குள் நுழைத்துத் திருப்ப முடியாது. இதைத் தொடக்கத்திலேயே அளந்து பாருங்கள். முக்கால் வேலை முடிந்தபிறகு தெரியவந்தால் வழியில்லை.

அங்கே கெயாக்கி மரத்தின் அடிக்கட்டையில் துளைகள் போட்டு, இந்த இரும்புகளை அதில் செருகி, அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்து தட்டுகிறார்கள். உட்காருபவரின் எடையே கட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். உங்களிடம் எந்தக் கெட்டி மரக்கட்டை இருந்தாலும் போதும். அதெகானேயின் தலை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். மேலே இருந்தால் தோள் வலிக்கும், கீழே இருந்தால் அடி சாய்ந்து விழும்.

கட்டையின் ஒரு ஓரத்தில் 8 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழியும் குடைந்து வையுங்கள். காதுக்கு அடைப்பான், கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

4. இளக்குதல்: நமஷி

செம்பை அடித்தால் விறைக்கும், சுட்டால் இளகும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் தகட்டைச் சுட்டு இளக்குவதே நமஷி. இந்த ஜாடிக்கு 10 முதல் 12 முறை செய்ய வேண்டியிருக்கும்.

அறையை மங்கலாக்குங்கள். வெயிலில் செம்பின் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் மேலும் சுட்டுக்கொண்டே போவீர்கள். நெருப்புச் செங்கல் மேல் தகட்டை வைத்து, டார்ச் சுவாலையை ஓரிடத்தில் நிறுத்தாமல் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். மங்கிய சிவப்பு, ஏறத்தாழ 600 டிகிரி, தகடு முழுவதும் வந்ததும் சில நொடிகள் அப்படியே பிடித்து நிறுத்திவிடுங்கள். ஆரஞ்சு நிறத்துக்குப் போனால் உலோகத்தின் மணிகள் பெருத்துவிடும். பிறகு அடிக்கும்போது மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத்தோல் போலச் சொரசொரப்பாகும், அதைச் சமன்படுத்த முடியாது.

செம்பைச் சூட்டோடு தண்ணீரில் போடலாம். இரும்பைப் போல அது விறைக்காது, மேலே படிந்த கருப்புச் செதிலும் பாதி உதிர்ந்துவிடும். ஆனால் ஜாடி குழிந்த பிறகு வாய் கீழ்நோக்கி முக்காதீர்கள். உள்ளே சிக்கிய நீராவி கொதிநீரைக் கைமேல் பீய்ச்சும். சாய்த்து, வாய் மேலே பார்க்க, மெதுவாக இறக்குங்கள்.

மீதிச் செதிலை எடுக்க ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, நிறம் மாறும்வரை ஊறவையுங்கள். அந்தத் தொட்டிக்குள் இரும்பு இடுக்கி போகக் கூடாது, செம்பு அல்லது பிளாஸ்டிக் இடுக்கிதான். இரும்பு பட்டால் கரைசலில் உள்ள செம்பு பொடிபோல் ஜாடிமேல் படிந்து, பிறகு நிறமேற்றும்போது திட்டுத் திட்டாகத் தெரியும். வெளியே எடுத்ததும் பித்தளைத் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். செதிலோடு அடித்தால் அது உலோகத்துக்குள் அழுந்திக் கரும்புள்ளியாகத் தங்கிவிடும்.

எப்போது இளக்க வேண்டும் என்பதைக் காது சொல்லும். இளகிய தகடு அடிக்கு ‘தொப்’ என்று அடங்கும். விறைக்க விறைக்க ஒலி உயர்ந்து ‘டிங்’ என்று கேட்கும், சுத்தியும் கையில் துள்ளும். அந்த ஒலி வந்தபின் இன்னும் ஒரு வளையம் அடித்துவிடலாம் என்று தொடர்வதுதான் பெரும்பாலான விரிசல்களுக்குக் காரணம்.

5. குழித்தல்

இளக்கிய வட்டத்தின் மையத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, கவராயத்தால் 5 செ.மீ. விட்டத்தில் அடி வட்டம் போடுங்கள். அதிலிருந்து விளிம்புவரை 7 மி.மீ. இடைவெளியில் வளையங்கள் வரையுங்கள். எஃகு முனையால் கீற வேண்டாம், கீறல் பின்னால் விரிசலாகும்.

தகட்டை மரக்குழியின்மேல் சாய்த்துப் பிடித்து, கொட்டாப்புளியின் உருண்டை முனையால் விளிம்பிலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாகத் தட்டுங்கள். 3 செ.மீ. ஆழமான தட்டு உருவானதும் நிறுத்துங்கள். நடு அடி வட்டத்துக்குள் ஒரு அடியும் விழ வேண்டாம். அங்கே மெலிந்தால் நிற்கும் இடம் பலவீனமாகும்.

விளிம்பில் அலை அலையாகச் சுருக்கம் வரும். அது இயல்பு. அலை உயரும்போதே அவ்வப்போது தட்டி அடக்குங்கள். ஒரு அலை மேலே மடிந்து படுத்துவிட்டால், அந்த மடிப்பு பிறகு ஒருபோதும் ஒன்றாகாது. அது விரிசல்தான்.

6. ஒடுக்குதல்: ஷிபோரி

வேலையின் இதயம் இதுதான். புதியவர்கள் இங்கே செலவிடும் நேரத்தில் பாதி ஒரே தவறால் வீணாகிறது. அதனால் ஒரு அடியை மட்டும் நிதானமாகப் பார்ப்போம்.

இளக்கிய தட்டைக் கவிழ்த்து, அதெகானேயின் தலை உள்ளே அடி வட்டத்தின் ஓரத்தில் தொடும்படி வையுங்கள். தட்டை ஏறத்தாழ 30 டிகிரி சாய்த்துப் பிடித்தால், இரும்பு தொடும் புள்ளிக்கு அப்பால், விளிம்புப் பக்கமாக, தகட்டுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். சுத்தி விழவேண்டிய இடம் அந்த இடைவெளிமேல். தொடும் புள்ளியிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி. அடி விழுந்ததும் அந்தத் துண்டு கீழே இறங்கி இரும்பைத் தொடும், சுற்றளவு ஒரு மயிரிழை குறையும்.

சரியாகத் தொடும் புள்ளியிலேயே அடித்தால் தகடு சுத்திக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்கி மெலியும், அகலம் குறையாமல் கூடும். சுவர் ஏறாமல் கிண்ணம் விரிந்துகொண்டே போகிறது என்று தவிப்பவர்களுக்கு நடப்பது இதுதான். 10 மி.மீ. தள்ளி அடித்தாலோ தகடு தாங்குதல் இல்லாமல் குழிந்து சுருக்கம் விழும். இரண்டுக்கும் நடுவே உள்ள அந்தச் சில மி.மீ.க்குத்தான் கை பழக வேண்டும். ஒரு பழைய தகட்டுத் துண்டில் ஒரு மணி நேரம் இதைமட்டும் செய்து பார்த்துவிட்டு ஜாடிக்கு வாருங்கள்.

சுத்தி எப்போதும் ஒரே இடத்தில் விழட்டும். மற்றக் கை ஒவ்வொரு அடிக்கும் சுத்தி முகத்தின் பாதி அளவு தட்டைத் திருப்பட்டும். ஒரு வளையம் முழுச் சுற்று முடிந்ததும் அடுத்த வளையத்துக்கு ஏறுங்கள். ஒவ்வொரு வளையத்தையும் வேறு வேறு இடத்தில் தொடங்குங்கள். ஒரே இடத்தில் தொடங்கினால் சுற்று இணையும் இடங்கள் எல்லாம் ஒரே வரிசையில் அமைந்து, ஜாடி ஒருபக்கம் சாயும்.

அடியிலிருந்து விளிம்புவரை போவது ஒரு சுற்று. விளிம்புவரை போகாமல் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் மேல்பகுதி புனல்போல் விரிந்தே நிற்கும், அடுத்த சுற்றில் அங்கே மடிப்பு விழும். ஒரு சுற்றுக்கு வாய் விட்டம் 1 செ.மீ. அளவு குறைந்தால் போதும். சுமார் 14 செ.மீ.யில் தொடங்கி 6.5 செ.மீ. வர 7 அல்லது 8 சுற்று ஆகும்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வாய்விளிம்பின் நெற்றியில், மேலிருந்து கீழாக, மென்மையாகச் சுற்றித் தட்டுங்கள். அடியை மணல் மூட்டைமேல் வைத்துக்கொள்ளலாம். விளிம்பு தடித்தால் கிழியாது. வாய்க்குப் பிற்பாடு வேண்டிய கனமும் இப்படித்தான் சேரும்.

விளிம்பில் விரிசல் கண்டால் அதை அடித்து மூடப் பார்க்காதீர்கள். விரிசல் முடியும் இடத்துக்கு 2 மி.மீ. கீழே, சுற்றிலும் சமமாக வெட்டிவிடுங்கள். கூட வைத்த 1 செ.மீ. அதற்குத்தான்.

சுற்றுக்கு ஒருமுறை மேசைமேல் நிறுத்தி, ஒரு மரத்துண்டில் பென்சிலைக் குறிப்பிட்ட உயரத்தில் கட்டி, ஜாடியைத் திருப்பிக்கொண்டே கோடு போட்டுப் பாருங்கள். கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள தூரம் மாறினால் ஒருபக்கம் உயர்ந்திருக்கிறது என்று பொருள். அடுத்த சுற்றில் தாழ்ந்த பக்கத்தில் அடியை நெருக்கமாகப் போட்டால் சரியாகும்.

7. வாயை மூடுமுன் முடிக்க வேண்டியவை

இப்போது கையில் இருப்பது 6.5 செ.மீ. அகலமுள்ள குவளை. உற்சாகத்தில் உடனே வாயை ஒடுக்கத் தோன்றும். பொறுங்கள். வாய் ஒடுங்கியபின் பெரிய இரும்பு எதுவும் உள்ளே போகாது. கீழ்ப்பாதியில் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் இப்போதே செய்துவிடுங்கள்.

முதலில் அடி. ஜாடியைத் தட்டைத் தலை அதெகானேமேல் கவிழ்த்து அடி வட்டத்தைச் சமன் செய்து, ஓரத்தைத் தெளிவாக்குங்கள். பிறகு நிமிர்த்தி, அடியின் நடுவை உள்நோக்கி 1 மி.மீ. குழியுங்கள். முழுத் தட்டையான அடி சூட்டில் கொஞ்சம் வெளியே பிதுங்கினாலும் ஜாடி பம்பரம்போல் ஆடும். குழிந்த அடி வளையத்தின்மேல் நிற்கும்.

அடுத்து, வயிறுவரை உள்ள சுவரைப் பகுதி 9-இல் சொல்லும் முறையில் சமன்தட்டுங்கள். உட்புறச் செதிலையும் தூரிகை எட்டும் இப்போதே தேய்த்து எடுங்கள்.

8. வாயை ஒடுக்குதல்

மேல் 3.5 செ.மீ.யை மட்டும் இளக்குங்கள். சுவாலையை மேலே வைத்து, அடியைச் செங்கல்லின் நிழலில் வைத்தால் கீழ்ப்பகுதியின் விறைப்பு ஓரளவு நிலைக்கும்.

தொரிகுச்சியை உள்ளே விட்டு, முன்போலவே, ஆனால் சிறிய அடிகளால், வயிற்றுக் கோட்டிலிருந்து மேல்நோக்கி ஒடுக்குங்கள். 3, 4 சுற்று ஆகும். இங்கே ஒரு சுற்றுக்கு 1 செ.மீ.க்கு மேல் ஆசைப்படாதீர்கள். சுற்றளவு சிறிதாகச் சிறிதாகச் சுருக்கத்துக்கு ஒதுங்க இடம் குறைகிறது. அச்சு அட்டையை நாலு பக்கமும் வைத்துப் பாருங்கள். வயிற்றில் கூர்மையான திருப்பம் விழுந்தால் அதை இப்போதே மழுக்க வேண்டும், பிறகு அது நிழற்கோடாக நின்றுவிடும்.

வாய் 3.5 செ.மீ. வந்ததும் பென்சில் கோடு போட்டு வெட்டி, அரத்தால் சமன் செய்து, நெற்றியைத் தட்டி 1.5 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு உள்ளும் புறமும் உருட்டுங்கள். கூர்மையான வாய் தண்டை அறுக்கும். கனமான வாய் இருந்தால் ஜாடி முழுவதும் கனமான செம்பால் ஆனது போலக் கண்ணுக்குப் படும்.

9. சமன்தட்டு: நராஷி

மெருகேற்றிய 200 கிராம் சுத்தி, ஜாடியின் உள்வளைவைவிடச் சற்றே இறுகிய வளைவுள்ள இரும்பு. இரும்பின் வளைவு அகலமாக இருந்தால் அதன் ஓரம் உள்ளிருந்து கோடு போடும்.

இங்கே அடி நேராகத் தொடும் புள்ளிமேலேயே விழ வேண்டும், ஒடுக்கியதற்கு நேர் எதிர். அடி சரியாக விழுந்தால் உலோகம் இரும்பைத் தொட்டுத் தெளிவான, குறுகிய ஒலி வரும். இடைவெளிமேல் விழுந்தால் வெற்றுக் குடத்தில் தட்டியதுபோல் கேட்கும், அதோடு ஒரு பள்ளமும் விழும். ஒலி மாறியதும் நிறுத்தி, ஜாடியை நகர்த்தித் தொடும் இடத்தைத் தேடிக்கொண்டு தொடருங்கள்.

அடியிலிருந்து சுருளாக ஏறுங்கள். ஒவ்வொரு தடமும் முந்தியதில் பாதியை மூடட்டும். 5 மி.மீ. அளவுள்ள சமமான தடங்கள் வந்தால் போதும். இந்தச் சுத்தித் தடத்துக்கு ட்சுச்சிமே என்று பெயர். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டுமா என்று கேட்பார்கள். முதல் ஜாடிக்கு வேண்டாம். தேய்த்துச் சமன் செய்வது சுத்தியால் திருந்தாத மேட்டைத் தேய்த்து மெலிய வைக்கிறது, வளைவு திருந்துவதில்லை.

இந்தப் படி முடிந்ததும் இனி இளக்கக் கூடாது. கடைசி விறைப்புதான் ஜாடிக்கு வலு.

10. நிறமேற்றுமுன் சுத்தம்

நிறம் சரியில்லை என்று வருந்துபவர்களில் அநேகர் இந்தப் படியில்தான் தவறியிருப்பார்கள். கரைசலைக் குறை சொல்லிப் பயனில்லை.

நுரைக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய துணியால் ஒரே திசையில் தேய்த்து மேற்பரப்பைப் புதிதாக்குங்கள். ஜப்பானியப் பட்டறைகளில் மரக்கரியாலும் மென்மையான சாணைப் பொடியாலும் இதைச் செய்கிறார்கள். பிறகு சமையல் சோடாவைக் குழைத்து உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவுங்கள். இதற்குமேல் வெறுங்கை படவே கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடத்தில் நிறம் ஏறாது, ரேகையே தெரியும்.

சோதனை எளிது. ஜாடியைத் தண்ணீரில் முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். தண்ணீர் உடையாத ஒரே ஏடாக வழிந்தால் சுத்தம். எங்காவது ஏடு விலகித் துளிகளாகத் திரண்டால் அங்கே பிசுக்கு இருக்கிறது, மறுபடி தேயுங்கள்.

11. நீஇரோ: கொதிநீரில் நிறம்

நீஇரோ என்றால் கொதிக்கவைத்து ஏற்றும் நிறம். பெயின்ட்டோ பூச்சோ இல்லை, செம்பின் மேற்பரப்பே மெல்லிய ஆக்சைடாக மாறிச் செம்பழுப்பு நிறம் கொள்கிறது.

ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு ரொக்குஷோ 3 கிராம், மயில்துத்தம் 3 கிராம். ரொக்குஷோ என்பது ஜப்பானில் விற்கும் செம்புக் களிம்புப் பொடி. அது கிடைக்காவிட்டால் காப்பர் அசிட்டேட் 3 கிராம் போடலாம், நிறம் சற்று வேறுபடும். குழாய்நீரில் உள்ள சுண்ணாம்பும் குளோரினும் புள்ளி விழவைக்கும். ஜாடி முழுதும் மூழ்கி எல்லாப் பக்கமும் 2 செ.மீ. இடம் இருக்க 3 லிட்டர் வேண்டும், அதாவது இரண்டிலும் 9 கிராம். பாத்திரம் செம்பு அல்லது வெப்பம் தாங்கும் கண்ணாடியாக இருக்கட்டும். இரும்பும் அலுமினியமும் கரைசலோடு வினைபுரிந்து அதைக் கெடுக்கும். இந்தப் பொருட்கள் நச்சு. அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது, சன்னல் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும்.

கரைசல் கொதிக்கத் தொடங்கும் நேரத்தில் வெள்ளை முள்ளங்கியைத் துருவுங்கள். சுத்தம் செய்த ஈர ஜாடிமேல் அந்தத் துருவலைச் சாற்றோடு முழுக்கப் பூசி, உடனே அலசிவிட்டு, உலருமுன் கரைசலில் இறக்குங்கள். வெறும் செம்பு காற்றில் நிற்கும் அந்தச் சில நொடிகளில் திட்டாகக் கறுப்பதை முள்ளங்கிச் சாறு தடுக்கிறது. இதைத் தவிர்த்தவர்கள் திட்டுகளோடு திரும்பி வருவார்கள்.

ஜாடியைச் செம்புக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். கம்பி வாயின் உட்புறத்தை மட்டும் தொடட்டும். முதலில் சாய்த்து உள்ளே நீர் நிரப்புங்கள், காற்று தங்கினால் உட்புறம் வெளிறிப்போகும். அடுப்பைக் குறைத்து, குமிழ் மெல்ல எழும் நிலையில் வைத்து, ஜாடியை இடைவிடாமல் மெதுவாக அசையுங்கள். அசையாமல் விட்டால் குமிழ் ஒட்டிய இடமெல்லாம் வட்டப் புள்ளி.

முதல் 5 நிமிடத்தில் ஆரஞ்சு தெரியும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் முள்ளங்கிச் சாற்றில் முக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள். 30 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஆழ்ந்த செம்பழுப்பு வரும். வற்றும் நீருக்குப் பதில் கொதிநீரே ஊற்றுங்கள், பச்சைத் தண்ணீர் ஊற்றினால் நிறம் ஏறுவது தடைபடும்.

திட்டு விழுந்துவிட்டால் மேலும் கொதிக்கவைத்து மறைக்க முடியாது. சிட்ரிக் அமிலத்தில் நிறத்தை எடுத்துவிட்டு, பகுதி 10-இலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் முறையில் நன்றாக வருவதே வழக்கம். பயன்படுத்திய கரைசலைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். செம்பு உப்பு மண்ணையும் மீனையும் கொல்லும். மூடிய புட்டியில் வைத்து, வேதிக்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

12. மெழுகு

வெந்நீரில் அலசி, துணியால் ஒற்றி, முழுக்க உலரவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஜாடியை இதமாக்கி, தேன்மெழுகைத் துணியில் எடுத்து வெளியே மட்டும் மிக மெல்லியதாகத் தடவி, சுத்தமான துணியால் துடையுங்கள். ஜப்பானில் இபோத்தா என்னும் பூச்சிமெழுகைப் பயன்படுத்துவார்கள். அதிகம் தடவினால் சுத்தித் தடங்களின் பள்ளத்தில் வெள்ளையாக நிற்கும்.

13. தண்ணீரும் பூவும்

முதலில் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு காகிதத்தின்மேல் வையுங்கள். ஒட்டே இல்லாத ஜாடி ஒழுகாது என்று நினைக்க வேண்டாம், எங்காவது மடிந்த சுருக்கம் இருந்தால் ஊசித்துளை இருக்கும். காகிதம் உலர்ந்திருந்தால் பூவுக்குத் தயார்.

தண்ணீர் முக்கால் அளவு. தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டுங்கள். காற்றில் வெட்டினால் குழலுக்குள் காற்று ஏறி நீர் மேலே போகாது. நீருக்குள் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

3.5 செ.மீ. வாயில் ஒற்றைத் தண்டு நடுவில் நிற்காது. நிற்கவைக்கப் போராட வேண்டாம். தண்டின் நுனி அடிச்சுவரில் ஊன்றவும், நடுப்பகுதி வாயின் ஓரத்தில் சாயவும் விடுங்கள். மொட்டின் பாரம் தண்டைச் சுழற்றினால், வாயின் உள்ளளவுக்கு வெட்டிய சிறு குச்சியைக் குறுக்கே இறுக்கிச் செருகுங்கள். இதற்குக் குபாரி என்று பெயர். குச்சி கண்ணுக்குத் தெரியாதபடி வாய்க்கு 1 செ.மீ. கீழே இருக்கட்டும். இரும்பு முள்தட்டு இந்த ஜாடிக்கு வேண்டாம், உட்புற நிறத்தைக் கீறும்.

பூ ஜாடியின் உயரத்தைப்போல் ஒன்று முதல் ஒன்றரை மடங்குவரை மேலே எழலாம். வெறும் ஜாடி 180 கிராமுக்கும் குறைவு, அதைவிட உயரமான தண்டு கவிழ்க்கும். குளிர்காலத்தில் பாதி விரிந்த கமேலியா மொட்டு, இரண்டு மூன்று இலையோடு. கோடையில் ஒரு முகுகே, நம் செம்பருத்தியின் உறவுக்காரப் பூ. அது ஒரே நாளில் வாடிவிடும், அதனால் காலையில் வைக்க வேண்டும்.

பூவை எடுத்ததும் தண்ணீரைக் கொட்டி, உள்ளும் புறமும் துடைத்து, கவிழ்க்காமல் நிமிர்த்தி உலரவிடுங்கள். கவிழ்த்தால் வாயில் நீர்வளையம் படியும். செம்பு என்றதும் நம் வீடுகளில் புளி போட்டுத் துலக்கக் கை போகும். புளியோ எலுமிச்சையோ பட்ட நிமிடமே நீஇரோ நிறம் கரைந்து வெறும் செம்பு தெரியும். வீட்டில் பாத்திரம் துலக்குபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.